தொட்டுப் பேசுகிற மிஹோ ஊரைக் காத்த கதை

ஊரைக் காப்பாற்றியவன் மிஹோ என்று துப்ரோவ்னிக்கில் எவன் சொன்னாலும் பாஸ்கோவுக்கு வயிறு எரியும். மிஹோ காப்பாற்றினான், அதைப் பாஸ்கோ மறுக்கவில்லை. ஆனால் அதற்கு வெட்டுப்பட்ட ஆடு யார் என்று ஒருவனும் கேட்டதில்லை. மீன் சந்தையிலும் கேட்டதில்லை, ஒயின் கடையிலும் கேட்டதில்லை. பாஸ்கோவே வாயைத் திறந்தால், "உன் மச்சான்தானேய்யா, பெருமைப்பட்டுக்கோ" என்பார்கள்.

"பெருமையைக் கொண்டுபோய்க் கடல்ல போடு. கல்யாணத்தன்னிக்குப் பொண்டாட்டி சுண்டுவிரலைக்கூடத் தொடாதவன் இன்னொருத்தனைக் காட்டு, அப்புறம் பேசு" என்று சொல்லிவிட்டுக் கோப்பையைக் கவிழ்த்து வைத்து எழுந்து போவான். வருஷக்கணக்காக இதே பேச்சுத்தான். கடைக்காரன் அந்தக் கோப்பையைக் கழுவி வைப்பதும் வருஷக்கணக்காக நடக்கிறது.

மிஹோ பாஸ்கோவின் பெண்டாட்டி தேசாவுக்கு அண்ணன். அவனுக்கு ஒரு வியாதி உண்டு, தொடாமல் பேச வராது. நல்லாயிருக்கியா என்று கேட்க எதிராளியின் சட்டைக்கையைப் பிடித்துக்கொள்வான். மழை வரும் என்று சொல்லத் தோளில் தட்டுவான், வராது என்று சொல்ல முதுகில் தட்டுவான். ஒருமுறை பாவசங்கீர்த்தனம் பண்ணப் போனவன், பேச்சு வாக்கில் தட்டியின் ஓட்டைக்குள் விரலை விட்டுச் சாமியாரின் தாடியைப் பிடித்துக்கொண்டான். பாவம் என்னவோ சின்னதுதான், பரிகாரம் பெரிதாகப் போயிற்று.

இப்படிப்பட்டவனுக்கு ஊர் கொடுத்த வேலையைக் கேளுங்கள். லாசரெத்தில் சந்தேகச் சரக்கைச் சோதிக்கிற வேலை.

கிழக்கு வாசலுக்கு வெளியே கடலை ஒட்டி நிற்கிற கல் கூடங்கள்தான் லாசரெத்து. கொள்ளைநோய் நடமாடும் சீமையிலிருந்து வருகிற ஆளும் சரக்கும் நாற்பது நாள் அங்கே கிடந்துவிட்டுத்தான் ஊருக்குள் கால் வைக்கலாம். மலைக்கு அப்பாலிருந்து கம்பளி மூட்டை வந்தால், வாயை அவிழ்த்து, சட்டையைக் கழற்றி, இரண்டு கையையும் தோள்வரை உள்ளே விட்டுத் துழாவ ஓர் ஆள் வேண்டும். கெடு முடிகிற அன்று அந்த ஆள் எழுந்து சூப்புக் குடித்தால் கம்பளி சுத்தம். எழாவிட்டால் கம்பளிக்கு நெருப்பு, ஆளுக்குச் சுண்ணாம்பு.

"எனக்குன்னே பொறந்த வேலை மாப்ளே. நாளெல்லாம் கையை விட்டுத் துழாவலாம், ஒரு பய திட்ட மாட்டான்" என்பான் மிஹோ.

பாஸ்கோவுக்கும் அங்கேதான் வேலை, ஆனால் சுத்தப் பக்கம். தரையில் ஒரு வெள்ளைக் கோடு. கோட்டுக்கு அந்தப் பக்கம் மிஹோ, இந்தப் பக்கம் நீளக் கம்போடு பாஸ்கோ. உள்ளே ரொட்டி தள்ளுவது, வெளியே வருகிற எதையும் இடுக்கியால் எடுத்து, நோய் சாகட்டும் என்று கல்தொட்டியிலிருக்கும் புளித்த காடியில் முக்குவது, கோட்டைத் தாண்டுகிறவனைக் கம்பால் குத்துவது. மிஹோதான் அதிகம் குத்து வாங்கினான்.

இனி ஊரின் வீரத்தையும் சொல்லிவிட வேண்டும். மதிலைப் பார்த்தால் எதிரிக்கு மூச்சு வாங்கும். மேலே வரிசையாகப் பீரங்கி. ஆனால் அவை மரியாதை வெடி தவிர வேறெதற்காவது வாய் திறந்ததாகக் கிழவர்களுக்குக்கூட ஞாபகமில்லை. சுல்தானுக்குக் கப்பம், வெனிஸ்காரனுக்குக் கும்பிடு, போப்பாண்டவருக்கு ஒப்பாரி, இப்படித்தான் ஊர் பிழைத்தது. சொந்தப் பிரபுக்களையும் நம்பாத ஊர் அது. கோட்டைத் தளபதி மாதத்துக்கு ஒருவர். எந்தப் படி வழுக்கும் என்று தெரிந்துகொள்வதற்குள் இறக்கிவிடுவார்கள். இத்தனைக்கும் மேலே எவனாவது வாசலில் வந்து நின்றால், இருக்கவே இருக்கிறது சாக்கு. சாக்குச் சொல்வதில் அந்தப் பிரபுக்களை மிஞ்ச எந்தக் கடலிலும் ஆள் கிடையாது.

அந்த வருஷம் புனித விலாஹோ திருவிழாவுக்கு முந்தின வாரம், லோக்ரும் தீவுக்குப் பக்கத்தில் வெனிஸ் போர்க்கப்பல் ஒன்று வந்து நங்கூரம் போட்டது. கப்பித்தான் பெயர் பெலெக்ரின். சுக்கான் உடைந்துவிட்டது, அதோடு புனிதருக்கு ஒரு வேண்டுதலும் இருக்கிறது, வீரர்களோடு உள்ளே வந்து கும்பிட்டுவிட்டுப் போகிறேன் என்று சொல்லியனுப்பினான்.

வெனிஸ்காரனின் வேண்டுதல் என்னவென்று எங்கள் ஊர்க் கழுதைக்கும் தெரியும். ஆனால் திருவிழா நாட்களில் யாரையும் வாசலில் தடுக்கக் கூடாது என்பது ஊர்ச் சட்டம். நாடு கடத்தப்பட்டவன்கூட அந்த நாட்களில் வந்து ஆட்டுக்கறி தின்றுவிட்டுப் போவான். தடுத்தால் புனிதருக்குக் கோபம், வெனிஸுக்குச் சண்டைக்குக் காரணம். விட்டால் ஊர் போயிற்று.

சாக்குகள் புறப்பட்டன. துறைமுகச் சங்கிலி துருப்பிடித்து இறுகிவிட்டது என்றார்கள். கப்பித்தான் எண்ணெய் கொடுத்தனுப்பினான். ஊரை ஆளுகிற ரெக்டருக்கு வயிற்றுப்போக்கு என்றார்கள். அவன் மாதுளம்பழத் தோல் கொடுத்தனுப்பினான். மூன்றாவது சாக்கை யோசிப்பதற்குள், திருவிழாவுக்கு முந்தின நாள் காலையில் அவனே படகில் இறங்கிவிட்டான். துறைமுகம் பூட்டியிருந்தால் என்ன, கிழக்கு வாசல் திறந்துதானே இருக்கிறது என்று நேரே லாசரெத்துப் படித்துறைக்கு வந்தான். பின்னால் இன்னும் நாலு படகு நிறைய ஆட்கள். எல்லார் கையிலும் மெழுகுவர்த்தி. அங்கிக்குள் என்ன இருந்தது என்பதை மெழுகுவர்த்தி சொல்லவில்லை.

சுகாதார அதிகாரியான ஓர்சாத் பிரபு கருப்பு அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு படித்துறைக்கு ஓடிவந்தார்.

"மகா கனம் பொருந்திய கப்பித்தான் அவர்களே, தாங்கள் வந்ததில் ஊரே..."

"வழியை விடும் பிரபு. புனிதர் காத்திருக்கிறார்."

"புனிதர் எங்கேயும் ஓடிப்போக மாட்டாருங்களே. ஒரு வாய் மால்வாசியா ஒயின்..."

"கும்பிட்ட பிறகு குடிப்பேன்."

பாஸ்கோ கம்போடு கோட்டோரம் நின்றிருந்தான். அவன் கவலை ஊரைப் பற்றியது அல்ல. ஞாயிற்றுக்கிழமை அவனுக்கும் தேசாவுக்கும் கல்யாணம். அடுத்து வருவது சாம்பல் புதன், அப்புறம் தவக்காலம், கல்யாணப் பேச்சே கிடையாது. ஏற்கெனவே இரண்டு தடவை தள்ளிப்போனதில் மாமனார் கொதித்துப்போய், "இந்தத் தடவையும் தவறிச்சுன்னா தோல்காரன் யாகோவுக்குத்தான் பொண்ணு" என்று சந்தை நடுவில் சொல்லியிருந்தார். யாகோவ் அன்றைக்கே முடி வெட்டிக்கொண்டான்.

கப்பித்தான் படியில் கால் வைத்தான். அது பாசி பிடித்த படி. வெள்ளி வார் போட்ட செருப்பு வழுக்கியது. மனிதர் பின்னால் சாய்ந்து, கைகள் காற்றைப் பிடித்து, மண்டை கல்லில் மோதுகிற நேரத்தில் இரண்டு கைகள் நீண்டன. தோள்வரை சட்டையில்லாத, கம்பளி நூல் ஒட்டிய கைகள். மூட்டைகளை வெயிலில் உருட்டிக்கொண்டிருந்த மிஹோ கோட்டைத் தாண்டிப் பாய்ந்து கப்பித்தானைக் குழந்தையைப் போல அள்ளிப் பிடித்துவிட்டான்.

பிடித்தவன் விட்டானா? நிமிர்த்தி நிறுத்தினான். முதுகைத் தட்டினான். மார்புப் பட்டையில் ஒட்டிய பாசியைத் துடைத்தான். "அடி பட்டுச்சாங்க? பாத்து வரக் கூடாதா?" என்று கன்னத்தை வேறு தடவிக் கொடுத்தான்.

முதலில் கத்தியது ஓர்சாத் பிரபு அல்ல, கப்பித்தானின் துணை அதிகாரி. "சோதனை ஆள்! கம்பளி ஆள்! தொட்டுட்டான்!" என்று அலறிக்கொண்டு படகுக்குள் ஒரே தாவலாகத் தாவினான். வெனிஸிலும் இதே சட்டம்தான், இதைவிடக் கடுமை. கெடுவை மீறினவனை அங்கே தூக்கில் போடுவார்கள். புனிதரைக் கும்பிட வந்த அத்தனை பேரும் மெழுகுவர்த்தியைக் கடலில் போட்டுவிட்டுத் துடுப்பைப் பிடித்தார்கள்.

"படகைத் திருப்புங்கடா! நான் ஏறணும்!" என்றான் கப்பித்தான்.

"ஏறாதீங்க கப்பித்தான்! ஏறினா நாங்களும் ஊர் திரும்ப முடியாது! எனக்குப் பிள்ளை குட்டி இருக்கு!" என்றான் துணை அதிகாரி.

சொந்தப் படகு சொந்தக் கப்பித்தானை விட்டுவிட்டுப் போனதைத் துப்ரோவ்னிக் மதில் மேலிருந்து பார்த்தது. ஓர்சாத் பிரபுவின் முகத்தில் வருத்தமும் சந்தோஷமும் சண்டை போட்டன. பத்தடி பின்னால் போய், தரைவரை குனிந்து, "கப்பித்தான் அவர்களே, என் இதயம் நொறுங்குகிறது. நாற்பது நாள்" என்றார்.

அப்போதுதான் மிஹோவுக்கு உறைத்தது. சுற்றுமுற்றும் பார்த்தான். பாஸ்கோ விபரீதத்தைப் புரிந்துகொண்டு கம்பை நீட்டினான்.

"மச்சான், வராத. அங்கேயே நில்லு. ஞாயித்துக்கிழமை கல்யாணம், வராதே!"

"மாப்ளே! என்ன பண்ணிட்டேன் பாத்தியா மாப்ளே!" என்று அழுதுகொண்டே கம்பைச் சுற்றி வந்து, பாஸ்கோவின் இரண்டு தோளையும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான் மிஹோ.

ஓர்சாத் பிரபு பெருமூச்சு விட்டார். "அவனையும் சேர்த்து அடைங்க."

ஒரே கூடத்தில் மூன்று பேர். ஒரு மூலையில் கப்பித்தான் சுவரைப் பார்த்து உட்கார்ந்தான். இன்னொரு மூலையில் பாஸ்கோ மிஹோவைப் பார்க்காமல் உட்கார்ந்தான். மிஹோவுக்குத்தான் மூலை கொள்ளவில்லை. இனி யாரைத் தொட்டாலும் குற்றமில்லை என்று புரிந்ததும் அவன் முகத்தில் ஒரு தெளிவு வந்துவிட்டது.

"வேணும்னே பண்ணினியாடா?" என்று கப்பித்தான் கடைசியில் கேட்டான்.

"சத்தியமா இல்லீங்க. கை தானாப் போயிருச்சு."

"என் தோளிலிருந்து கையை எடு."

"பாத்தீங்களா, இப்பவும் தானாத்தான் வந்திருக்கு."

மறுநாள் திருவிழா. உள்ளே மணிச் சத்தமும் வெடிச் சத்தமும் மட்டும் வந்தன. பட்டினி போட்டார்கள் என்று வெனிஸ் பழி சொல்லிவிடக் கூடாதென்று, உப்புக்கண்டமும் முட்டைக்கோஸும் போட்ட மெனெஸ்திராக் குழம்பு, அத்தி வற்றல், மால்வாசியா என்று பிரபுக்கள் அள்ளி அனுப்பினார்கள். லோக்ருமில் நின்ற கப்பலுக்குச் சுக்கான் அதிசயமாகக் குணமாகி, அது தலைவனில்லாமலே தன் ஊரைப் பார்க்கக் கிளம்பிவிட்டது. கப்பித்தான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அதைப் பார்த்தான். அவன் முதுகில் யாரோ தட்டிக்கொடுத்தார்கள். யாரென்று சொல்ல வேண்டியதில்லை. அன்றைக்கு அவன் கையை எடு என்று சொல்லவில்லை.

மாமனார் கோட்டோரம் வந்து நின்றார். கூடவே தேசா, இடுப்பில் கை வைத்துக்கொண்டு.

"ஞாயித்துக்கிழமை கல்யாணம். மாப்பிள்ளை உள்ள இருந்தா வெளிய ஒருத்தன் இருக்கான்" என்றார் மாமனார்.

"யாகோவ் மேல ஆட்டுத்தோல் நாத்தம் அடிக்குதுப்பா" என்றாள் தேசா.

"இவன் மேல காடி நாத்தம்."

"காடி நாத்தம் பழகிருச்சு. அண்ணே! ஏண்டா அந்தாளைத் தொட்ட? உன் கையை ஒடிச்சு அடுப்புல வைக்க!"

"கை தானாப் போயிருச்சு தேசா" என்றான் மிஹோ.

"யோவ் பாஸ்கோ, நீ என்னய்யா மரம் மாதிரி நின்ன? ஓடத் தெரியாதா?"

"கம்பு வச்சிருந்தேன்" என்றான் பாஸ்கோ. அன்றிரவு மெனெஸ்திராவைக்கூடத் தொடவில்லை. யாகோவ் முடி வெட்டிக்கொண்டது கண் முன்னாலேயே நின்றது.

தேசா பேசாமல் விடுகிற ஜாதி இல்லை. சாமியாரிடம் போய் நின்றாள். கொள்ளைநோய் வந்தால் நற்கருணையை நீளக் கரண்டியில் நீட்டுகிறீர்களே, மோதிரத்தை இடுக்கியில் நீட்டினால் எந்தக் கர்த்தர் கோபிப்பார் என்று கேட்டாள். சாமியார், புத்தகம் பார்க்க வேண்டும் என்றார். பாருங்கள், நான் இங்கேயே நிற்கிறேன் என்றாள். அவர் புத்தகத்தைத் திறக்காமலே சரி என்றுவிட்டார்.

ஆனால் மாப்பிள்ளை பக்கத்தில் நின்று சாட்சி சொல்ல ஓர் ஆண் வேண்டும். கோட்டுக்கு உள்ளே மிஹோ பெண்ணைப் பிடித்துக் கொடுக்கிற அண்ணன். மிச்சம் ஒருவன்தான்.

"நான் இந்த ஊரைப் பிடிக்க வந்தவன்" என்றான் கப்பித்தான் பெலெக்ரின், விறைப்பாக.

"பிடிச்சீங்களா?" என்று கோட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து கேட்டாள் தேசா.

"இல்லை."

"அப்ப சும்மாதான இருக்கீங்க. வந்து நில்லுங்க."

ஞாயிற்றுக்கிழமை கல்யாணம் நடந்தது. மதில் மேல் பாதி ஊர். வெள்ளைக் கோட்டுக்கு அந்தப் பக்கம் தேசா, சாமியார், வாயை இறுக்கி வைத்துக்கொண்டு மாமனார். இந்தப் பக்கம் பாஸ்கோ, பட்டு அங்கியும் மூன்று நாள் தாடியுமாகக் கப்பித்தான், இடுக்கியோடு மிஹோ. பாஸ்கோ கொடுத்த மோதிரத்தை மிஹோ இடுக்கியால் பிடித்துக் காடித் தொட்டியில் ஒரு முக்கு முக்கி, கோட்டுக்கு மேலே நீட்டினான். வாழ்க்கையிலேயே அவன் ஒரு பொருளைத் தொடாமல் கொடுத்தது அன்றைக்குத்தான். சொட்டுகிற மோதிரத்தைத் தேசா தானே விரலில் போட்டுக்கொண்டாள். சாமியார் தூரத்திலிருந்தே தண்ணீர் தெளித்தார். யாரோ மதில் மேலிருந்து, "முத்தம் குடுடா!" என்று கத்த, ஊர் சிரித்தது. பாஸ்கோவுக்கும் தேசாவுக்கும் நடுவே ஒரு கம்பு நீளம்.

கல்யாண விருந்தும் காடித் தொட்டியைத் தாண்டித்தான் உள்ளே வந்தது. பொழுது போகட்டும் என்று தேசா ஒரு சீட்டுக்கட்டு அனுப்பினாள். அன்று காவலுக்கு நின்றவன், உள்ளே போவதா வெளியே வருவதா என்றுகூடப் பாராமல் சட்டம் பார்க்கிறவன். கட்டை முழுசாகக் காடியில் முக்கிவிட்டு உள்ளே தள்ளினான். அட்டை ஊறி உப்பி, ராஜாவும் குதிரைக்காரனும் பிரிக்க முடியாதபடி ஒட்டிக்கொண்டார்கள். அதை வைத்துக்கொண்டே கெடு முடிகிறவரை ஆடினார்கள். எந்த ஆட்டத்திலும் ராஜாவோடு குதிரைக்காரனும் சேர்ந்தே இறங்குவான். வெனிஸ்காரன் அதற்கென்று ஒரு புது விதியே கண்டுபிடித்து, அதிலும் தோற்றான்.

கெடு முடிந்து கதவு திறந்தபோது, ஊரை யார் காப்பாற்றினது என்ற வழக்கு தொடங்கியிருந்தது. நான்தான் மிஹோவுக்குக் கண்ணைக் காட்டினேன் என்றார் ஓர்சாத் பிரபு. படியில் பாசியைச் சுரண்டாமல் விட்டதே என் யோசனை என்றார் இன்னொரு பிரபு. கடைசியில் மிஹோவை அரண்மனைக்குக் கூப்பிட்டு நன்றி சொன்னார்கள். அவன் ரெக்டரின் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. பாஸ்கோவை யாரும் கூப்பிடவில்லை. அவன் வீட்டுக்குப் போனான், அங்கே தேசா இருந்தாள். அதைப் பற்றி அவன் எந்தக் கடையிலும் சொன்னதில்லை.

கப்பித்தான் பெலெக்ரின் மறுவருஷத் திருவிழாவுக்கு ஒரு பொட்டலம் அனுப்பினான். மிஹோவுக்கு ஒரு ஜோடி மெல்லிய தோல் கையுறை. மிஹோ அதை ஒருநாளும் போடவில்லை. "உறையைப் போட்டுக்கிட்டுத் தொட்டா அது தொட்ட மாதிரியா மாப்ளே?" என்பான்.

வருஷங்கள் போயின. மிஹோ மூட்டைக்குள் கை விட்டுக்கொண்டே இருந்தான், ஒவ்வொரு கெடுவின் முடிவிலும் எழுந்து சூப்புக் குடித்துக்கொண்டே இருந்தான். அவன் எழாமல் போவான் என்று யாருக்கும் தோன்றவில்லை. இந்தக் கோடையில் மலைக்கு அப்பாலிருந்து வந்த கம்பளியில் கை விட்ட நாலாம் நாள், சுரத்தில் படுத்தவன் எழவில்லை.

பாஸ்கோ மத்தியானச் சாப்பாட்டைப் பாதியில் விட்டுவிட்டுப் போனான். வெள்ளைக் கோட்டோரம் வைத்தியர் நீளக் கோலோடு நின்றிருந்தார். வெறும் சுரமாகவும் இருக்கலாம், அதுவாகவும் இருக்கலாம், இனிமேல்தான் தெரியும் என்றார். கூடத்தின் கதவு திறந்தே கிடந்தது. உள்ளே மிஹோ சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். கை இரண்டும் மடியில் சும்மா கிடந்தன. அப்படிச் சும்மா கிடந்து பாஸ்கோ பார்த்ததில்லை.

"மாப்ளே, சாப்ட்டியா?"

"சாப்ட்டேன். உனக்கு எப்படி இருக்கு?"

"சூடாத்தான் இருக்கு. தேசா என்ன சொன்னா?"

"உன் கையை ஒடிச்சு அடுப்புல வைக்கணும்னா. அப்புறம் அழுதா."

மிஹோ சிரித்தான். சிரித்து இருமினான்.

"மாப்ளே, ஒண்ணு சொல்றேன். அந்தக் கப்பித்தானைப் புடிச்சது சத்தியமா கை தானாப் போனதுதான்."

"தெரியும்யா. ஊருக்கே தெரியும்."

"உன்னைப் புடிச்சது வேணும்னேதான்."

பாஸ்கோ வெள்ளைக் கோட்டுப் பக்கம் ஓர் அடி எடுத்து வைத்தான்.

"அந்த வெனிஸ்காரனோட நாப்பது நாள் தனியா உள்ள கெடக்கணும்னு தோணிச்சு. பயந்துட்டேன். திரும்பினா நீ நிக்கிற. கம்பை நீட்டிக்கிட்டு, வராதே வராதேன்னு. கம்பைச் சுத்தி வந்தேன்."

"அடப்பாவி! எனக்கு ஞாயித்துக்கிழமை கல்யாணம்டா!"

"தெரிஞ்சுதான் புடிச்சேன். தேசாகிட்ட சொல்லிறாத."

வைத்தியர் வெயிலுக்கு ஒதுங்கி நிழலுக்குப் போனார். பாஸ்கோ வெள்ளைக் கோட்டில் செருப்பு நுனி படுகிற மாதிரி நின்றுகொண்டிருந்தான். இத்தனை வருஷம் வயிற்றில் எரிந்தது இப்போது எங்கே எரிகிறது என்று அவனுக்கே தெரியவில்லை. நாலு கெட்ட வார்த்தை சொன்னான். மிஹோ நாலையும் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டான்.

"இப்பவும் பயமாத்தான் இருக்கு மாப்ளே" என்றான் பிறகு. "இந்தத் தடவை நான் எழுந்து வந்து உன்னைப் புடிக்கிற தெம்புல இல்ல. நீயா உள்ள வந்துரு. வரும்போது அந்தச் சீட்டுக்கட்டை எடுத்துட்டு வா. காடியில மட்டும் முக்கிறாத."